அண்ணன் நடந்த நடை

கட்கி, புனே
18 ஜூன் 2024

அன்புத் தங்கை சுகிர்தபாய்க்கு அண்ணன் ராஜப்பன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது.

இங்கே நானும் மகன் அஜீஷும் மருமகள் ஷீனாவும் கர்த்தர் காத்தபடி இருக்கிறோம். அடுத்தபடியாக உன் சுகத்தைக் கேட்க வேண்டும். ஆனால் உன் மகன் சானு போனில் எல்லாவற்றையும் அஜீஷிடம் சொல்லிவிட்டான். அஜீஷ் அதை என் காதில் வாய் வைத்துக் கத்திவிட்டான். முப்பத்தைந்து வருஷம் தொழிற்சாலை இரைச்சலில் நின்ற என் காதுக்கே கேட்டதென்றால் நம் குளத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும்.

முருங்கைக்காய் பறிக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினாயாமே! அறுபத்தெட்டு வயதில் உனக்கு எதற்கு இந்தச் சர்க்கஸ்? நாற்காலிக்கால் மடங்கி, இடுப்பெலும்பு முறிந்து, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியில் பழைய மூட்டை எடுத்துவிட்டுப் புதிய மூட்டு வைத்தார்கள் என்று சொன்னான். அதுவரை சரி. வீட்டுக்கு வந்த பிறகு நீ கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாயாம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "இனி என்னக் கல்லறைக்குத்தான் எடுக்கணும்" என்று சொல்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்கும் இதே ஆபரேஷன் நடந்தது உனக்கு மறந்துபோயிற்றா? இரண்டு வருஷம் ஆகிறது. இன்று காலை ஏழு மணிக்கு நான் மூன்று மாடி இறங்கி, கடைத்தெரு வரை போய், வெந்தயக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். வாக்கர் கிடையாது. கையில் ஒரு கம்பு மட்டும், அதுவும் தெருநாய்க்காக. எழுபத்திநாலு வயதுக் கிழவன் நடக்கிறேன், உனக்கு என்ன கேடு?

எழும்பு மக்கா. முதலில் அந்தச் சுவரை விட்டுத் திரும்பு. சானுவுக்கும் மருமகள் மினிக்கும் என் அன்பைச் சொல்.

உன் அண்ணன்,
ராஜப்பன்


குளத்தூர்
2 ஜூலை 2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு, தங்கை சுகிர்தபாய் எழுதுவது. நீங்களும் அஜீஷும் ஷீனாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே சானுவும் மினியும் சுகம். நான் சுகமில்லை, அதை மறைக்க எனக்குத் தெரியாது.

சர்க்கஸ் என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்பது வருஷமாக நான் அந்த முருங்கையில் பறிக்கிறேன். குற்றம் நாற்காலியினுடையது. அதை மினியிடம் சொல்லி அடுப்பில் வைக்கச் சொன்னேன், "பிளாஸ்டிக் எரிஞ்சா நாறும் மாமி" என்று அவள் வைக்கவில்லை.

அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது. வலி ஒன்றும் பெரிதில்லை, பிரசவம் கண்ட உடம்பு. ஆனால் காலைத் தரையில் வைத்தவுடன் அது என் கால் இல்லை என்று தோன்றுகிறது. வேறு யாரோ வந்து நிற்கிற மாதிரி. இரண்டு தொடைக்கும் நடுவில் ஒரு முக்கோணத் தலையணை வேறு. காலைக் காலோடு சேர்க்கக் கூடாதாம், குனியக் கூடாதாம், தாழ்ந்த இடத்தில் உட்காரக் கூடாதாம். கக்கூசில் ஒரு சிம்மாசனம் வாங்கிப் போட்டிருக்கிறான் சானு. என்னிடம் தையல் படிக்கும் தனுவச்சபுரம் காலேஜ் பிள்ளைகள் பார்க்க வந்து கட்டிலைச் சுற்றி நின்று, "டீச்சர் பாவம்" என்கிறார்கள். பாவம் என்று கேட்கவா நான் இத்தனை வருஷம் அவர்களைத் திட்டி வளர்த்தேன்?

அமரவிளையிலிருந்து ஸ்கூட்டரில் ஒரு பிசியோப் பெண் வருகிறாள், தன்யா என்று பெயர். "அம்மச்சீ, பேடிக்கண்டா, ஞான் பிடிச்சிட்டுண்டு" என்பாள், பயப்படாதே என்று. பிடித்திருப்பவள் நாற்பது கிலோ. நான் எழுபத்தொன்று. யார் யாரைப் பிடிப்பது?

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். பிறகு சுவரை விட்டுத் திரும்பிப் படுத்தேன். அதை மட்டும் செய்தேன். நீங்கள் எத்தனையாவது நாள் எழுந்து நின்றீர்கள்? மாடிப்படி எப்படி இறங்கினீர்கள்? விவரமாக எழுதுங்கள். போனில் வீடியோவில் பேசலாம் என்றால் உங்கள் காது மட்டும்தான் தெரிகிறது.

அன்பில் குறையாத தங்கை,
சுகிர்தபாய்


கட்கி, புனே
12 ஜூலை 2024

என் தங்கை சுகிர்தத்துக்கு அண்ணனின் வாழ்த்துகள். இங்கே மழை விடாமல் பெய்கிறது, ஆனாலும் எல்லாரும் சுகம். நீ திரும்பிப் படுத்தாய் என்று வாசித்ததும் ஷீனாவைக் கூப்பிட்டுப் பாயசம் வைக்கச் சொன்னேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது.

விவரம் கேட்டாய், சொல்கிறேன். பன்னிரண்டாம் நாள் நின்றேன். ஒன்று, இரண்டு என்று இருபது வரை எண்ணிவிட்டு உட்கார்ந்தேன். மறுநாள் முப்பது. பதினாறாம் நாள் வாக்கரோடு கதவு வரை. இருபத்தைந்தாம் நாள் வீட்டுக்குள் அடுக்களை, வராந்தா, திரும்ப அடுக்களை. அந்தக் கால் என் கால் இல்லை என்று எனக்கும் தோன்றியது. அதற்கு ஒரு மருந்து உண்டு. அந்தக் காலோடு பேசு. நான் பேசினேன். "எலே, நீ புதுசு, எனக்கு உன்னத் தெரியாது, உனக்கும் என்னத் தெரியாது, பைய வா" என்பேன். மூன்றாம் வாரம் அது கேட்க ஆரம்பித்தது.

இப்போது என் காலை நடையைச் சொல்கிறேன். வாசலைத் தாண்டியதும் இடதுபுறம் சைக்கிள் பழுது பார்ப்பவன். அவனுக்கு ஒரு சலாம். பிறகு பள்ளிக்கூட மதில், அதில் எப்போதும் இரண்டு பூனை. திருப்பத்தில் பெரிய அரசமரம், அதன் கீழே சேறு, அங்கே மட்டும் கவனமாகக் கால் வைக்க வேண்டும். அதைத் தாண்டினால் கடைத்தெரு. கீரைக்காரி என்னைப் பார்த்ததும் கேட்காமலே இரண்டு கட்டு எடுத்து வைப்பாள், கூட நான்கு பச்சைமிளகாய் சும்மா போடுவாள். போக இருபது நிமிஷம், வர இருபத்தைந்து.

இதெல்லாம் உனக்கும் வரும். உன் வீட்டு வாசலிலிருந்து கேட் எத்தனை அடி? அதை அளந்து எழுது.

என்றும் உன் நலம் நினைக்கும்,
ராஜப்பன் அண்ணன்


குளத்தூர்
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா, உங்கள் எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மழையில் நனையாதீர்கள், அரசமரத்துச் சேற்றில் கவனம். இங்கே எல்லாரும் சுகம். இந்தத் தடவை அந்த "எல்லாரும்" என்பதில் நானும் உண்டு.

முப்பத்திரண்டு அடி. அளந்தது நான்தான், என் காலால்! நேற்று வாசலிலிருந்து கேட் வரை போய்த் திரும்பினேன். வாக்கர் உண்டு, தன்யா பின்னால் உண்டு, மினி குடை பிடித்துக்கொண்டு வந்தாள், ஊர்வலம் மாதிரி. கேட்டைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். அடுத்த வீட்டு அம்மிணி மரச்சீனிக் கிழங்கோடு போனவள் நின்றுவிட்டாள். "டீச்சரா நிக்கியது? கொள்ளாமே!" என்று மெச்சினாள். "பின்ன, உன் மாமியாராக்கும் நிக்கா" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் எனக்குக் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது.

நீங்கள் சொன்னபடி காலோடு பேசினேன். மினி பயந்துபோய்ச் சானுவிடம், "மாமிக்குத் தலைக்கு ஏதும் பிடிச்சுப்போச்சா" என்று கேட்டிருக்கிறாள். பேசட்டும். ஆனால் அண்ணா, நீங்கள் பன்னிரண்டாம் நாள் நின்றீர்கள், நான் இருபத்தொன்பதாம் நாள்தான் நின்றேன். உங்களை எப்படியும் முந்துவேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிப்படி விஷயம் நீங்கள் எழுதவே இல்லை. தன்யா சொல்லித் தந்தாள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். "நல்லது பரலோகத்துக்கு, கெட்டது நரகத்துக்கு, அப்படி நினைவு வச்சோ அம்மச்சி" என்றாள். நம் வீட்டுப் படி மூன்றுதான். நீங்கள் ஐம்பத்திநாலு படி இறங்குகிறீர்கள், உங்களுக்கு இதெல்லாம் தூசு.

ஒன்று கேட்க வேண்டும். சபையில் பெஞ்சு வந்து இருபது வருஷம் ஆகியும் பாட்டுக்குழுப் பெண்கள் முன்வரிசையில் பாயில்தான் உட்காருகிறோம். நவம்பரில் அறுப்பின் பண்டிகை. எனக்கு என் இடத்தில், பாயில், உட்கார்ந்து பாட வேண்டும். கடைசி வரிசையில் நாற்காலி போட்டு, முடியாதவர்களோடு உட்கார்த்தி வைப்பார்களோ என்று நினைத்தாலே அழுகை வருகிறது. நீங்கள் தரையில் உட்காருகிறீர்களா? நீங்கள் நடக்கிற படம் ஒன்று அனுப்புங்கள், கட்டில் பக்கத்தில் ஒட்டி வைக்கிறேன்.

உங்களை முந்தப்போகும் தங்கை,
சுகிர்தம்


கட்கி, புனே
1 செப்டம்பர் 2024

என் அருமைத் தங்கைக்கு. உன் முப்பத்திரண்டு அடியை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று சொன்னால் சிரிப்பாய். கடவுள் உன் கால்களைக் காக்கட்டும். இங்கே யாவரும் சுகம்.

படம் எடுக்க அஜீஷுக்கு நேரம் இல்லை, காலையில் ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுகிறான். ஷீனா எடுத்தால் தலை இருக்காது. பார்க்கலாம்.

பாயில் உட்காருவதைப் பற்றி நீ கவலையே படாதே. ஆறாம் மாதம் நான் இங்கே தமிழ்ச் சபையில் பாயில் சம்மணம் போட்டே உட்கார்ந்தேன். முதலில் கொஞ்சம் பிடிக்கும், பிறகு பழகிவிடும். உனக்கு நவம்பரில் ஆறாம் மாதம் நடக்கிறதல்லவா? கணக்குச் சரியாக வருகிறது. நாற்காலியில் எல்லாம் உன்னை யாரும் உட்கார்த்த மாட்டார்கள். உன் இடம் உனக்குத்தான்.

பாடு மக்கா, நன்றாகப் பாடு.

அண்ணன்,
ராஜப்பன்


குளத்தூர்
22 நவம்பர் 2024

அண்ணனுக்கு, சுகிர்தபாய் எழுதுவது. அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். நான் இப்போது சுகம். ஐந்து நாளுக்கு முன் சுகமில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பதினேழாம் தேதி அறுப்பின் பண்டிகை. கம்பை ஊன்றிக்கொண்டு கோயில் படி நானே ஏறினேன். எல்லாரும் பார்த்தார்கள், எனக்கும் கொஞ்சம் திமிர்தான். பின்னால் நாற்காலி போட்டிருந்தார்கள், நான் பார்க்காதது போல முன்னால் போய்ப் பாயில் உட்கார்ந்தேன். சம்மணம் போட்டு. மினி ஓடி வந்து, "மாமி, தன்யா வேண்டாம்னு சொல்லியிருக்கால்லா?" என்றாள். "எங்க அண்ணன் சம்மணத்தில இருந்தாராக்கும்" என்றேன்.

பாட்டு முடிந்தது, பிரசங்கம் முடிந்தது, காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. எழும்பப் பார்த்தேன், இடுப்பில் ஏதோ இழுத்தது. கத்திவிட்டேன். வாழைக்குலையை உயர்த்திப் பிடித்து ஏலம் கூறிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். நாலு பெண்கள் ஓடி வந்தார்கள். "எக்கா, கையைத் தா! பிள்ளே, இடுப்பில பிடிக்காத, தோளில பிடி!" ஆளுக்கு ஒரு பக்கம். அடுத்தது என்னைத்தான் ஏலம் விடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அங்கிருந்து நேராக நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி.

எக்ஸ்ரே எடுத்தார்கள். மூட்டு நழுவவில்லை, கர்த்தருக்கு நன்றி. தசை பிடித்ததுதான். டாக்டர் என்னைக் கொன்று தின்னாத குறை. "ஆரா அம்மச்சியோடு தாழே இரிக்கான் பறஞ்ஞது?" என்று கேட்டார், தரையில் உட்காரச் சொன்னது யாராம். என் அண்ணன் இதே மூட்டோடு ஆறாம் மாதம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்று சொன்னேன். டாக்டர் கோபத்தை விட்டுச் சிரித்தார். இந்த மூட்டு வைத்து நடந்து பழகிய யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், உங்கள் அண்ணன் நடந்திருக்கவே மாட்டார் என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வாசித்தேன். கீரைக்காரி எத்தனை மிளகாய் போடுவாள் என்று இருக்கிறது. மாடிப்படியில் எந்தக் கால் முதலில் என்று ஓரிடத்திலும் இல்லை. படம் கேட்டேன், வரவில்லை.

கோபத்தில் கேட்கவில்லை அண்ணா. நீங்கள் நடக்கிறீர்களா?

சுகிர்தபாய்


கட்கி, புனே
3 ஜனவரி 2025

அன்புள்ள சுகிர்தத்துக்கு, புதுவருஷ வாழ்த்து சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனாலும் நீ சுகமாக இரு.

இல்லை. நான் நடக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது உண்மை. நாலாவது வாரம் ஆஸ்பத்திரியில் காட்டக் கீழே இறங்கினோம். மூன்றாவது படியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கீழே அந்த மீதிப் படிகளைப் பார்த்தேன் பார், அப்போது எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுவந்தார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டு வாசலைத் தாண்டவில்லை. கட்டிலிலிருந்து கக்கூசுக்கு வாக்கர், கக்கூசிலிருந்து கட்டிலுக்கு வாக்கர். இரண்டரை வருஷம். ஊரில் யாரிடமும் சொல்லக் கூடாது என்று அஜீஷிடம் சத்தியம் வாங்கினேன். அவன் போனில், "அப்பா சுகமா இருக்கார்" என்பதோடு நிறுத்திக்கொள்வான்.

நான் எழுதிய நடை எல்லாம் ஷீனா நடந்தது. அவள் கடைத்தெருவுக்குப் போய் வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே என்ன பார்த்தாள், யார் என்ன சொன்னார்கள் என்று காதருகே சொல்வாள். பாவம், கிழவனுக்குப் பொழுது போகட்டும் என்று. அதை நான் எடுத்து என் காலில் போட்டுக்கொண்டேன். அவளுக்கு மலையாளம் மட்டும் வாசிக்கத் தெரியும், அஜீஷ் இந்தியும் மராத்தியும் படித்தவன். தமிழில் எழுதினால் இந்த வீட்டில் என்னைக் கேட்க ஆளில்லை.

நீ சுவரைப் பார்த்துப் படுத்தாய் என்று கேட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அந்தச் சுவர் எனக்குத் தெரியும். நீயும் என்னைப் போல ஆகிவிடக் கூடாது. அது ஒன்றுதான் என் மனதில் இருந்தது. எழுத எழுத எனக்கே ருசி பிடித்துவிட்டது, அதுவும் உண்மை. பாயில் உட்கார்ந்தேன் என்று எழுதியது மகா பாவம். உன் மூட்டு நழுவியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகப் பேனாவைத் தொடவில்லை.

என்னை மன்னித்துவிடு. இனி நடப்பதைப் பற்றி நாம் எழுத வேண்டாம்.

ராஜப்பன்


குளத்தூர்
14 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு. நீங்களும் அஜீஷும் சுகமாக இருக்க வேண்டும். ஷீனாவுக்கு என் முத்தம். அவளுக்கு ஏன் என்று தெரியாவிட்டாலும் கொடுத்துவிடுங்கள்.

கடிதம் வாசித்து நான் அழுதேன். மினி வந்து என்ன மாமி என்றாள், வெங்காயம் என்றேன், வீட்டில் வெங்காயமே இல்லை. இரண்டரை வருஷம் ஒரு அறைக்குள் கிடந்திருக்கிறீர்கள். கூடப்பிறந்தவள் எனக்குத் தெரியாது. உங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுதினால் தாள் போதாது.

ஆனால் ஒன்று கேளுங்கள். உங்கள் பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் நான் நடந்தேன். வாக்கரைவிட அது உறுதியாக இருந்தது. "அண்ணன் நடக்கிறார், எனக்கு என்ன கேடு" என்று சொல்லிச் சொல்லியே முப்பத்திரண்டு அடி போனேன். பாயில் உட்கார்ந்த பாவத்தை மன்னித்தேன். நடப்பதைப் பற்றி எழுத வேண்டாம் என்றீர்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

இதோடு உங்கள் ஜூலைக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். இருபது வரை எண்ணி நிற்பது, கதவு வரை, அடுக்களை வரை எல்லாம் இருக்கிறது. அதை எழுதியவர் கெட்டிக்காரர். தன்யாவிடம் காட்டி வாசித்துச் சொன்னேன், இதில் சம்மணம் இல்லை, எல்லாம் சரி என்றாள். அதன்படி நீங்கள் நடக்க வேண்டும். அஜீஷிடம் சானு பேசிவிட்டான், அங்கே ஒரு பிசியோ வருவார். முதலில் டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கட்டிட வாசலிலிருந்து நூறடி தள்ளி ஒரு தபால்பெட்டி இருக்கிறதாம், அதையும் விசாரித்துவிட்டேன். உங்கள் அடுத்த கடிதத்தை நீங்களே இறங்கிப் போய் அதில் போட வேண்டும். ஷீனா போட்டால் நான் பிரிக்க மாட்டேன். நரகத்துக்கு ஆபரேஷன் கால், பரலோகத்துக்கு நல்ல கால். மறக்காதீர்கள்.

தங்கை,
சுகிர்தபாய்


குளத்தூர்
8 மார்ச் 2025

அன்புள்ள அண்ணா, இங்கே சுகம். அங்கே எப்படி என்று தெரியவில்லை. அஜீஷைக் கேட்டால், "அப்பா எதுவும் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு அத்தே" என்கிறான். மறுபடியும் சத்தியமா?

ஐம்பத்துமூன்று நாள் ஆயிற்று. தபால்காரர் ஜெயச்சந்திரன் கேட்டைத் தாண்டும்போதே கையை விரித்துக் காட்டுகிறார். அவரைப் பார்க்க எனக்கும் என்னைப் பார்க்க அவருக்கும் சங்கடமாகிவிட்டது.

போன வாரம் தனியாகப் பாறசாலையிலிருந்து பஸ் ஏறினேன். நம் ஊர் அரசு பஸ், அந்த ஆனவண்டியின் படி உயரம் உங்களுக்குத் தெரியும். நல்ல காலை வைத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். வண்டி முழுக்கக் காத்திருந்தது. "பதுக்கெ கேறியா மதி, அம்மச்சி" என்றார் கண்டக்டர், மெதுவாக ஏறினால் போதும் என்று. தனுவச்சபுரத்தில் இறங்கித் தையல் கிளாசுக்குப் போனேன், பிள்ளைகள் கைதட்டினார்கள். இப்போது வாரம் மூன்று நாள் கிளாஸ் உண்டு. பாட்டுக்குழுவில் எனக்கு முன்வரிசை ஓரத்தில் உயரமான நாற்காலி போட்டார்கள். நான்தான் எல்லாரையும்விட உயரமாகத் தெரிகிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. இதெல்லாம் நடந்தும் உங்களிடம் சொல்லாமல் எனக்கு எதுவும் நடந்த மாதிரி இல்லை.

நான் அதிகமாகச் சொல்லிவிட்டேன் அண்ணா. அதட்டிப் பழகிய வாய். நீங்கள் பயந்து மறுபடி விழுந்திருந்தால் அந்தப் பழி எனக்கு. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஷீனாவிடமே கொடுத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு வரி போதும். கட்டாயம் பிரிப்பேன்.

கேட்டருகே நிற்கும்,
சுகிர்தம்


கட்கி, புனே
22 ஜனவரி 2025

அன்புள்ள தங்கை சுகிர்தத்துக்கு, அண்ணன் எழுதுவது. எல்லாரும் சுகம். உன் முத்தத்தை ஷீனாவிடம் சொன்னேன், வெட்கப்பட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். ஜூலைக் கடிதத்தை வாசித்தேன். எழுதியவன் பெரிய அளப்பன், எனக்கு அவனை நேரில் பார்க்க வேண்டும். இந்தக் கடிதத்தை நானே போடுவேன். அதனால் இதை முடிக்காமல் வைத்திருக்கிறேன், நடக்க நடக்க எழுதுகிறேன்.

1 பிப்ரவரி. டாக்டர் பார்த்தார். மூட்டு நன்றாகத்தான் இருக்கிறதாம், இரண்டு வருஷமாகச் சும்மா இருந்ததால் தசைதான் போய்விட்டதாம். இன்று வாசல்வரை போனேன். முதல் படியைப் பார்த்தேன், வேர்த்தது. திரும்பிவிட்டேன்.

12 பிப்ரவரி. மூன்று படி இறங்கினேன், மூன்று படி ஏறினேன். விழுந்த அதே படி. அதில் நின்று, "எலே, உன்ன எனக்குத் தெரியும்" என்று சொன்னேன். பிசியோ பிள்ளைக்குத் தமிழ் தெரியாது, எனக்கு மந்திரம் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

26 பிப்ரவரி. ஒரு மாடி, பதினெட்டுப் படி. இரண்டாம் மாடிக்காரர், அன்று என்னைத் தூக்கிய நாலு பேரில் ஒருவர், கதவைத் திறந்தார். வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு உள்ளே ஓடி ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். இப்போது மாடிக்கு ஒன்றாக நாற்காலி இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை.

17 மார்ச். உன் கடிதம் வந்தது. ஷீனா போட்டால் போதும் என்கிறாய். விஷயத்தைச் சொன்னவுடன் அவள், "கொடுங்கோ அச்சா, இப்பவே போட்டுட்டு வாறேன்" என்று கை நீட்டினாள். உறையைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டேன். ஐம்பத்துமூன்று நாள் உன்னைக் கேட்டருகே நிற்க வைத்தேன், மன்னித்துக்கொள். இன்னும் கொஞ்சம் நில். பஸ் ஏறியதை எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். அஜீஷ் அழுதுவிட்டான், இத்தனை பெரிய ஆள்.

30 மார்ச். கீழ்த்தளம்! ஐம்பத்திநாலு படி. வாசலுக்குப் பத்தடி இருக்கும்போது கால் நடுங்கியது, அங்கேயே உட்கார்ந்து வெயிலைப் பார்த்தேன். இரண்டரை வருஷத்துக்குப் பிறகு மேலே விழுந்த வெயில். மேலே ஏற ஐம்பது நிமிஷம். சோறு தின்றுவிட்டுக் கூரை அதிரக் குறட்டை விட்டேனாம்.

11 ஏப்ரல், காலை. இப்போது தபால்பெட்டியின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் எழுதுகிறேன், அதனால் எழுத்து கோணலாக இருக்கிறது. ஷீனா பத்தடி தள்ளி நிற்கிறாள், கிட்டே வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. ரோடு நான் எழுதியது போலவே இல்லை சுகிர்தம், இத்தனை சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, என் காதுக்கே கேட்கிறது. இனி ஒட்டிப் போட வேண்டியதுதான். இது உன் கைக்கு வந்துவிட்டால் நான் நடந்தேன் என்று அர்த்தம்.

நின்றுகொண்டு எழுதும் உன் அண்ணன்,
ராஜப்பன்